எதிர்ப் புளோக்கிலிருந்து வரும் வெளிச்சம்

எங்கள் வீடு சிங்கப்பூரின் அங் மோ கியோவில் 1970களின் இறுதியில் கட்டப்பட்ட ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் புளோக்கின் நான்காம் மாடியில் இருக்கும் மூவறை வீடு. வாசற்கதவும் கூடத்தின் ஒரே சன்னலும் பொதுத் தாழ்வாரத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. பகல் பதினொரு மணிக்குக்கூட விளக்கைப் போட்டுக்கொள்வதுதான் எங்கள் வழக்கமாக இருந்தது. அப்பா மட்டும் விளக்கைப் போடாமல், தமிழ் முரசை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய், செருப்பு அலமாரியில் இடுப்பைச் சாய்த்து நின்றபடியே படிப்பார். எழுபத்து மூன்று வயதுக்காரர் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு செய்தித்தாள் படிப்பதைக் காற்றுக்காக என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். "உள்ள எழுத்துத் தெரியலம்மா" என்று அவர் ஒரு நாள் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது, விழிவில்லை மஞ்சளாகிறது. இருபது வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் எட்டுகிறது. எனக்கு மங்கலாகத் தெரிந்த கூடம் அவருக்கு இருட்டாகவே இருந்திருக்கிறது.

முதலில் விளக்கைத்தான் மாற்றினேன். கடைக்காரர் பரிந்துரைத்தபடி 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் கூடக்கூட நீலம் கூடும்) வெள்ளொளி தரும் பெரிய எல்இடி விளக்கு ஒன்றைக் கூரையின் நடுவில் பொருத்தச் சொன்னேன். சோபாவில் உட்கார்ந்தால் கண் கூசியது. ஆனால் மூலைகளும் சுவர்களும் முன்பைவிட இருண்டதுபோல் தோன்றின. அம்மாவின் அரக்குநிறச் சேலை அந்த வெளிச்சத்தில் சாயம் போனதைப்போல் இருந்தது. ஓர் அறை வெளிச்சமாக இருக்கிறதா என்பதை நம் கண் பெரும்பாலும் எதிரே தெரியும் சுவர்களையும் கூரையையும் வைத்துத்தான் முடிவு செய்கிறது. நடுவில் ஒரே இடத்தில் ஒளியைக் குவித்தால், அதனோடு ஒப்பிட்டுச் சுற்றிலும் உள்ளவற்றை இன்னும் இருட்டாகக் காண்கிறது. இரண்டு வாரத்தில் அந்த விளக்கைக் கழற்றினோம்.

அதன் பிறகுதான், பகலில் இந்தக் கூடத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்கத் தொடங்கினேன். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே இருப்பதால், நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. எங்கள் தாழ்வாரம் வடக்கு நோக்கியது. சூரியன் வடக்கே மிகவும் ஒதுங்கும் சூன் மாதத்திலும் உச்சியிலிருந்து இருபத்திரண்டு பாகைதான் சாய்கிறது. அந்த வெயிலைத் தாழ்வாரத்தின் மேல்தளமே தடுத்துவிடுகிறது. டிசம்பரில் அது தெற்கே போய்விடுகிறது. ஆகவே நண்பகல் வெயில் எந்த மாதத்திலும் எங்கள் கூடத்தைத் தொடுவதில்லை. உள்ளே வருவதெல்லாம் இரண்டு புளோக்குகளுக்கு இடையே தெரியும் வானத்தின் ஒளியும், எதிர்ப் புளோக்கின் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும்தான். சில ஆண்டுகளுக்கு முன், வெளிர்மஞ்சளாக இருந்த அந்தச் சுவருக்கு அடர்ந்த செங்கல் நிறம் பூசினார்கள். அப்பா தாழ்வாரத்தில் நின்று படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்பது யோசித்துப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது.

எதிர்ச் சுவரை என்னால் மாற்ற முடியாது. வருகிற கொஞ்ச வெளிச்சத்தை எங்கெங்கே நாங்களே மறித்துக்கொண்டிருக்கிறோம் என்று பார்க்க முடியும். கைப்பேசிச் செயலி ஒன்றால் அளந்து பார்த்தேன்: சன்னல் விளிம்பில் 600 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு), அறையின் நடுவில் 80, உட்சுவரை ஒட்டி 25. வசதியாகப் படிக்க 300 லக்ஸாவது வேண்டும். கைப்பேசி அளவு அவ்வளவு துல்லியமானதன்று. ஆனாலும் சன்னலிலிருந்து நான்கு எட்டு வைப்பதற்குள் வெளிச்சம் எப்படிக் கரைந்துபோகிறது என்பதைக் காட்ட அது போதுமானதாக இருந்தது.

சன்னலில் தொடங்கினோம். கண்ணாடிகளைக் கழுவியபோது, இரண்டு சட்டம் துடைப்பதற்குள் வாளித் தண்ணீர் பாலில்லாத கோப்பி ஓ நிறத்துக்கு வந்துவிட்டது. அடர்பழுப்பாக இருந்த இரும்புக் கம்பிகளுக்கு வெள்ளை பூசினோம்; கம்பியின் பக்கவாட்டில் படும் ஒளியும் இப்போது உள்ளே திரும்புகிறது. தாழ்வாரத்தில் போவோர் வருவோர் உள்ளே பார்க்கிறார்கள் என்பதற்காக நாள் முழுதும் மூடிக் கிடந்த தடித்த திரைச்சீலைதான் பெரிய குற்றவாளி. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் மட்டும் பனிபடர்ந்தாற்போன்ற ஒட்டுப்படலம் ஒட்டி, மேல்பாதியைத் திறந்து விட்டோம். அறையின் உட்புறம் வரை எட்டுவது மேல்பாதி வழியாக வரும் ஒளிதான். திரைச்சீலைக் கம்பியைச் சன்னலைவிட இருபுறமும் ஒரு முழம் நீளமாகப் போட்டதால், ஒதுக்கினால் துணி கண்ணாடியை மறைக்காமல் சுவர்மேல் போய் நிற்கிறது. சன்னலுக்கு நேர் வெளியே ஆளுயரம் வளர்ந்திருந்த கறிவேப்பிலைச் செடிகளைக் கதவுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினோம். தீ விபத்தின்போது வெளியேறுவதற்காகத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும் என்பதால், அந்த இடத்தையும் அளந்த பிறகே தொட்டிகளை வைத்தோம்.

அடுத்தது அம்மாவின் தேக்கு ஷோகேஸ். ஆறடி உயரத்தில், சன்னலை ஒட்டிய சுவரில், உள்ளே வரும் ஒளியின் வழியிலேயே அது நின்றது. விற்றுவிடலாம் என்று நான் வாயெடுத்ததுமே அம்மாவின் முகம் மாறியது. அந்தப் பேச்சை எடுத்தது என் தவறு. அவர் தம் முதல் சம்பளத்தில் வாங்கியது அது. அதை உட்சுவரின் மூலைக்கு நகர்த்தி, அதன் பின்பலகையின் உட்புறத்துக்கு மட்டும் வெள்ளை பூசினோம். பித்தளைச் செம்புகளும் கொலு பொம்மைகளும் இருட்டறையிலிருந்து வெளியே வந்தவைபோல் இப்போது துலங்குகின்றன. சோபா சன்னலுக்கு முதுகு காட்டி இருந்தது. அதைப் பக்கச் சுவருக்கு மாற்றி, சன்னலருகே காலியான இடத்தில் அப்பாவின் பிரம்பு நாற்காலியைப் போட்டோம்.

வண்ணத்தைப் பொறுத்தவரை ஒரு சின்னக் கணக்கு என் மனத்தை மாற்றியது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்கைத் திருப்பி அனுப்பும். எங்கள் பழைய மண்நிறச் சுவர் போன்றவை நாற்பதைத் தாண்டுவதில்லை. ஒளி சன்னலிலிருந்து உள்மூலைக்குப் போவதற்குள் மூன்று முறை சுவரில் மோதுகிறது என்று வைத்துக்கொண்டால், வெள்ளை அறையில் பாதி மிஞ்சுகிறது. எங்கள் அறையிலோ நூற்றுக்கு ஆறுதான். கூரைக்குத் தூய வெள்ளையும், சுவர்களுக்குச் சற்றே மஞ்சள் கலந்த வெள்ளையும், இரண்டுமே மினுக்கமில்லாத பூச்சாகத் தேர்ந்தெடுத்தோம். நீலம் கலந்த வெள்ளை வடக்கு வெளிச்சத்தில் சாம்பலாகத் தெரியும் என்பதை அட்டைத் துண்டுகளில் பூசிச் சுவரில் சாய்த்து, காலையும் மாலையும் பார்த்த பிறகு தெரிந்துகொண்டோம்.

இரவுக்கு, பாலஸ்டியர் சாலை விளக்குக் கடைகளில் ஒரு சனிக்கிழமை முழுதும் அலைந்து, கூரையையும் சுவரையும் நோக்கி ஒளி வீசும் விளக்குகளை வாங்கினோம். 9 வாட் எல்இடி குமிழ் ஒன்று சுமார் 800 லூமன் (விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு) தருகிறது. நடுவில் ஒரே பெரிய விளக்கு இருந்த இடத்தில், 4000 கெல்வினில் அப்படிப்பட்ட ஐந்தைச் சுவரோரமாகப் பரப்பினோம். கூரைக்குள் பதிக்கும் விளக்குகளை மின்விசிறி இறக்கைகளுக்கு நேர் மேலே வைக்கக்கூடாது. விசிறி சுழலும்போது அறையே படபடக்கும். மின்கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட்டோம்.

முகம் பார்க்கும் கண்ணாடியைச் சன்னலுக்கு நேர் எதிரே மாட்டலாம் என்று பலரும் சொல்வார்கள். தாழ்வார வீட்டில் அது தெருவையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். சன்னலை ஒட்டிய பக்கச் சுவரில் மாட்டினால் ஒளி மட்டும் உள்ளே வரும்.

இப்போது பிரம்பு நாற்காலியில் பகல் பதினொரு மணிக்கு 350 லக்ஸ் வருகிறது, உட்சுவரருகே 110. அப்பா மூன்றாம் பக்கம் வரை உள்ளே உட்கார்ந்து படித்துவிட்டு, அப்புறம் காற்றுக்காகத் தாழ்வாரத்துக்குப் போகிறார்.

சென்ற மாதம் எங்கள் பேட்டையின் புளோக்குகளுக்குப் புதுச் சாயம் பூசப்போவதாக அறிவிப்பு வந்தது. கீழ்த்தளத்தில் மூன்று வண்ணத் திட்டங்களை ஒட்டி, குடியிருப்பாளர்களை வாக்களிக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று படங்களிலும் எதிர்ப் புளோக்கின் நம் பக்கச் சுவர் எது என்று விரலால் தடவித் தேடினார். இரண்டாவது திட்டத்தில் அது வெளிர்மஞ்சள். அவர் தம் வாக்கைப் போட்ட பிறகு, மின்தூக்கிக்குக் காத்திருந்த பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணியையும் கூப்பிட்டு அந்தச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார்.