எதிர்த் தரப்பும் உட்காரும் மேசை

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் தொழிலாளர் விவகாரங்களைப் பார்ப்பது என் வேலை. இரண்டு ஊர்க்காரர்களுக்கிடையே பகை எப்படி மூள்கிறது, எப்படி அடங்குகிறது என்பதை இங்கேதான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறெதற்கோ எடுத்த காட்சிகளை இங்கே நடந்ததாக ஒட்டியிருந்தார்கள். போலீஸ் மறுத்தது. பீகார் அரசே அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. மார்ச் 8 ஹோலி. ஸ்டேஷனில் வழக்கமாகச் சேரும் பண்டிகைக் கூட்டத்தையும் பயந்து ஓடும் கூட்டம் என்று காட்டினார்கள்.

எங்கள் ஹாஸ்டலிலும் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள். ஊரிலிருந்து அம்மாக்கள் போனில் அழுதார்கள். நானும் மேனேஜரும் போய் இந்தியில் பேசிப் பார்த்தோம், யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? சனிக்கிழமை சம்பளம் கொடுக்கிற பக்கத்து ஆட்கள் நாங்கள். அப்புறம் பேசியவர் ஒர்க்ஸ் கமிட்டியில் இருந்த பீகார் ஓவர்லாக் டைலர். நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் நிர்வாகமும் தொழிலாளரும் சமமாக உட்காரும் கமிட்டிக்கு 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் வழி இருந்தது. பல இடங்களில் அது ஃபைலில் மட்டும் இருக்கும். எங்களிடம் வடக்கத்தித் தொழிலாளர்களே ஓட்டுப் போட்டு அவரை அனுப்பியிருந்தார்கள். போனஸ் பேச்சில் எங்களோடு விடாமல் மல்லுக்கு நின்றவர். அதனாலேயே அவர் சொல் அன்று எடுபட்டது.

கமிட்டியில் உடன் இருந்த கட்டிங் மாஸ்டரையும் அவரே ஹாஸ்டலுக்குக் கூட்டி வந்தார். "ஏங்கண்ணு, உங்க மேல ஒருத்தன் கை வெச்சா நாங்க பாத்துட்டு நிப்பமா?" என்றார் மாஸ்டர். ஹோலிக்கு லீவு கேட்டிருந்தவர்கள் ஊருக்குப் போனார்கள். மற்றவர்கள் மறுநாள் மெஷினில் உட்கார்ந்தார்கள்.

நாடுகளுக்கிடையே மூளும் பகையையும் இதை வைத்தே யோசிக்கிறேன். போரின் செலவையும் சாவையும் சுமக்கப்போகிற குடிமக்களைக் கேட்டுத்தான் போருக்குப் போக வேண்டும் என்றிருந்தால் அவர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள் என்று 1795இல் எழுதினார் ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட். முதிர்ந்த ஜனநாயக நாடுகள் ஒன்றோடொன்று போரிடுவது அரிது என்பதை அதற்குச் சான்றாகச் சொல்வார்கள். ஆனால் கி.மு. 415இல் சிசிலித் தீவின் மேல் படையெடுக்க முடிவு செய்தது கிரேக்க நகர அரசான ஏதென்ஸின் மக்கள் சபைதான். ஓட்டுப் போட்டுத்தான் போனார்கள். இரண்டே ஆண்டில் அந்தப் படை அழிந்தது. அந்தச் சபையில் அடி வாங்கப்போகிற சிசிலிக்காரர்களுக்கு இடம் இல்லை. காண்ட் சொன்னதில் எனக்குப் போதாமல் படுவது இதுதான். நம் பக்கத்து ஆட்களை மட்டும் கேட்டால் போதாது, எதிர்ப்பக்கமும் தானே தேர்ந்தெடுத்த ஆளோடு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த இடம் கம்பெனிக்கு வெளியே எங்கள் வடக்கத்தித் தொழிலாளர்களுக்கு இல்லை. வெளியூரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க உதவும் இயந்திரம் பற்றித் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டுப் பேசியது. ஒரு இயந்திரம் 72 தொகுதிகள் வரை கையாளும் என்றார்கள். எதிர்க்கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை, 2024 மக்களவைத் தேர்தலுக்கு அது வரவில்லை. ஊருக்குப் போய் ஓட்டுப் போட ரயில் செலவோடு வாரச் சம்பளமும் போகும்.

வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பெயர் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. இங்கேயே தங்கிவிட்டவர்களிடம் அதை எடுத்துச் சொல்லி, விண்ணப்பம் நிரப்ப உதவுகிறேன். குடும்பம் ஊரில் இருக்கும்வரை பலருக்கு மனம் வருவதில்லை. பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்தவர்கள்தான் முதலில் வருகிறார்கள்.