பகுபதமும் டொச் கடிதமும்

நம் பள்ளிக்கூடத்தில் எண்பதுகளின் தொடக்கத்தில் ஓ.எல். பரீட்சைக்குப் படித்த யாரிடமும் 'வந்தனன்' என்று சொல்லிப் பாருங்கள். வா, த், த், அன், அன் என்று பிரித்து, வா குறுகி வ ஆனது விகாரம், முதல் த் ந் ஆனதும் விகாரம், நடுவில் நிற்கிற அன் சாரியை என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள். பண்டிதர் சேர் எங்களை அப்படிப் பழக்கியிருந்தார். பகுதி (சொல்லின் வேர்), விகுதி (சொல்லின் முடிவு), இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பகுபதத்துக்கு, அதாவது பிரிக்கக்கூடிய சொல்லுக்கு, நன்னூல் சொல்கிற ஆறு உறுப்பும் கரும்பலகையில் எப்போதும் ஒரு ஓரமாக இருக்கும், அதை அழிக்க அவர் விடமாட்டார். "கடைசியைப் பார் தம்பி, ஆர் செய்தது எண்டு அங்கைதான் கிடக்கு" என்பார். சோதனைக்கு நிச்சயம் வரும் கேள்வி என்பதால்தான் அன்று அதைப் படித்தோம். எனக்கு வாழ்க்கையில் மிகவும் பயன்பட்ட பாடம் அதுதான் என்று இன்று சொல்வேன், கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்த ஆசிரியர்கள் என்னை மன்னிக்கட்டும்.

1986இல் ஜேர்மனிக்கு வந்தேன். வந்த புதிதில் கையில் கிடைத்த முதல் வாசிப்புப் புத்தகம், வெளிநாட்டவர் அலுவலகத்துக் கடிதங்கள்தான். அங்கே வாழ்கிற நம்மவர்களுக்குத் தெரியும், ஆனால் கனடாவிலும் லண்டனிலும் இருந்து இந்தப் பழைய மாணவர் மலரை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: டொச் (ஜேர்மன்) மொழியில் சொற்களைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவார்கள், இடைவெளி விடமாட்டார்கள். 'அவுஃபென்ட்ஹால்ட்' என்றால் தங்குதல். அதோடு 'கெஷ்டாட்டுங்' சேர்ந்தால், அகதி விண்ணப்பம் முடியும்வரை மட்டும் இருக்கலாம். 'எர்லவுப்னிஸ்' சேர்ந்தால் வதிவிட அனுமதி. இரண்டு சொல்லும் ஒரே மாதிரித் தொடங்கி ஒரே நீளத்துக்கு ஓடும், ஒருவருடைய தலைவிதி கடைசித் துண்டில்தான் இருக்கும். அறையில் இருந்த பொடியள் பலர் சொல்லின் முதல் பாதியை வாசித்ததும் மிச்சத்தை ஊகித்துவிடுவார்கள். நான் கடைசியிலிருந்து வாசித்தேன். அது என்னுடைய கெட்டித்தனம் இல்லை, பழக்கம்.

தமிழிலும் தொகைச்சொல்லில் பெரும்பாலும் தலைமையானது பின்னால்தான் நிற்கும். மரப்பலகை ஒரு பலகை, பலகைமரம் ஒரு மரம். டொச்சிலும் அப்படியே, ஆண்பால் பெண்பால் கூடக் கடைசிச் சொல்லை வைத்துத்தான் தீர்மானமாகும். அப்புறம் அந்த 'ஸ்'! வேலை என்பதற்கு 'ஆர்பைட்', அறைக்கு 'ட்ஸிம்மர்', இரண்டும் சேர்ந்தால் 'ஆர்பைட்ஸ்ட்ஸிம்மர்'. நடுவில் ஒரு ஸ் எங்கிருந்தோ வந்து நிற்கும். மாலை வகுப்பில் எல்லோரும் அதை வேற்றுமை உருபு என்றே நினைத்தார்கள். ஆனால் ஆர்பைட் பெண்பால் சொல், அதன் ஆறாம் வேற்றுமைக்கு ஸ் கிடையாது. காதல் கடிதம் என்கிற 'லீபெஸ்பிரீஃப்'பிலும் இதே கதைதான், 'லீப' பெண்பால். பொருள் எதுவும் தராமல், இரண்டு துண்டுகளுக்கு நடுவில் இணைப்பாக நிற்கிற எழுத்து. மரத்தை என்பதில் வருகிற 'அத்து' போல அதுவும் ஒரு சாரியை, அவ்வளவுதான். சாரியை என்று மனதில் பெயர் வைத்த பிறகு அந்த ஸ் எனக்குச் சொல் எங்கே வெட்டப்படுகிறது என்று காட்டுகிற அடையாளமாகவே ஆகிவிட்டது. 'உங்' என்று முடிகிற சொல்லோடு இன்னொரு சொல் சேரும்போது இந்த ஸ் வரும். 'அப்லேனுங்ஸ்பெஷைட்' என்றால் நிராகரிப்பு முடிவு, ஸ் வருகிற இடத்தில் பிரித்தால் இரண்டு துண்டும் தெளிவாகத் தெரியும். அந்தச் சொல்லை அந்த நாட்களில் எங்களில் பலர் வாசிக்க வேண்டியிருந்தது.

இதற்கும் மேலே நீளமானவை உண்டு. மெக்லென்புர்க் மாநிலத்தில் மாட்டிறைச்சிச் சீட்டுகளைக் கண்காணிக்கும் கடமையை ஒப்படைப்பது பற்றி 1999இல் வந்த சட்டத்தின் பெயர் ஒரே சொல், 63 எழுத்து. 2013இல் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். பிரிக்கத் தெரிந்தால் அதுகூடக் கஷ்டமில்லை. உண்மையில் கஷ்டமானவை சின்னச் சொற்கள். 'ஹோக்' என்றால் உயர்ந்த, 'ட்ஸைட்' என்றால் நேரம், ஆனால் 'ஹோக்ட்ஸைட்' என்றால் கலியாணம். 'ஹோரென்' கேட்பது, 'அவுஃப்ஹோரென்' நிறுத்துவது. பிரித்தாலும் பொருள் கிடைக்காது, பாடமாக்கவே வேண்டும்.

பிறகு வேலை, குடும்பம், பிள்ளைகள் என்று காலம் போனது. ஓய்வு நெருங்கிய வயதில்தான் இதையெல்லாம் பரிசோதனை செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிய வந்து, மகளின் உதவியோடு தேடித் தேடி வாசித்தேன். பொட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் கிளாசன் என்கிற பேராசிரியரும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்த விஷயத்தில் நிறையச் செய்திருக்கிறார்கள். முறை இதுதான்: கணினித் திரையில் ஒரு சொல்லை ஒரு நொடியின் ஏறத்தாழ 20இல் 1 பங்கு நேரம் மட்டும் காட்டுவார்கள், பார்த்ததே தெரியாது. உடனே இன்னொரு சொல் வரும், அது உண்மையான சொல்லா இல்லையா என்று பொத்தானை அமுக்க வேண்டும். முதலில் மின்னி மறைந்த சொல்லுக்குள் இரண்டாவது சொல்லின் பகுதி, அதாவது வேர், இருந்தால், தாய்மொழிக்காரர் வேகமாக அமுக்குகிறார், முதல் சொல் அவருக்கு உதவுகிறது. அப்படியென்றால் கண்ணில் பட்ட கணத்திலேயே, அவருக்குத் தெரியாமலே, அவருடைய மூளை சொல்லைப் பிரித்துவிட்டது.

வளர்ந்த பிறகு மொழியைப் படித்தவர்களுக்கு என்ன நடக்கிறது? 2009இல் நொய்பவர் என்பவரும் கிளாசனும் டொச் படித்த போலந்துக்காரரை வைத்து, இறந்தகால எச்சங்களைச் சோதித்தார்கள். தாய்மொழிக்காரருக்கு ஒழுங்கான விகுதி உள்ள வடிவங்களில் அந்த உதவி கிடைத்தது, போலந்துக்காரருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் சொல்லை முழுதாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். 2018இல் வந்த இன்னொரு ஆய்வு ரஷ்ய மொழிக்காரரைப் பற்றியது. வினையிலிருந்து பெயர் ஆக்குகிற 'உங்' போன்ற விகுதி என்றால் அவர்களுக்கும் உதவி கிடைக்கிறது, வினையின் வடிவத்தை மட்டும் மாற்றுகிற விகுதி என்றால் இல்லை. மொழியைப் பின்னால் படித்தவரின் கண், புதுச்சொல் ஆக்குகிற விகுதியைப் பிடித்துக்கொள்கிறது, ஒரே சொல்லின் வடிவத்தை மாற்றுகிற விகுதியைத் தவறவிடுகிறது. முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் விகுதியில் மட்டும் சறுக்குகிறவர்கள் எத்தனை பேரை நமக்குத் தெரியும்!

எல்லா ஆய்வும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. 2011இல், ஆங்கிலம் படித்த ஸ்பானியரையும் டச்சுக்காரரையும் சோதித்த குழு, அவர்களும் ஆங்கிலேயர் மாதிரியே பிரிக்கிறார்கள் என்றது. 2015இல் ஹையர் என்பவரும் கிளாசனும் வேறொன்று கண்டார்கள்: ஆங்கிலம் படித்த ஜேர்மானியருக்கு 'ஸ்கானர்' என்பதும் 'ஸ்கான்' என்பதற்கு உதவுகிறது, எழுத்தில் மட்டும் ஒத்து, பொருளில் தொடர்பில்லாத 'ஸ்காண்டல்' என்பதும் உதவுகிறது. ஆங்கிலேயருக்கு ஸ்கானர் மட்டுமே உதவியது. ஆக, படித்தவர் சொல்லின் உறுப்பைப் பார்க்கிறாரா, வெறும் எழுத்துகளைப் பார்க்கிறாரா என்பதே கேள்வி. இன்னொன்று என்னைப் பெரிதும் பிரமிக்க வைத்தது. எவா ஸ்மொல்காவும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 'ஃபெர்ஷ்டேஹென்' (விளங்கிக்கொள்) என்பது 'ஷ்டேஹென்' (நில்) என்பதை ஜேர்மானியர் மனதில் எழுப்புகிறது, பொருளில் தொடர்பே இல்லாமல். பொருள் எப்படியிருந்தாலும் அவர்கள் பகுதியைத் தொடுகிறார்கள்.

இதையெல்லாம் வாசித்த பிறகும் பண்டிதர் சேர் கற்பித்தது வீண் என்று நான் நினைக்கவில்லை. அவர் தந்தது, மின்னி மறைகிற நேரத்தில் நடக்கிற வேலை இல்லை. உட்கார்ந்து, தெரிந்து, பிரித்துப் பார்க்கிற வேலை. அலுவலகக் கடிதத்தை யாரும் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு வாசிப்பதில்லை. பிரித்துப் பிரித்துப் படித்தால் ஒரு துண்டு பத்துச் சொல்லுக்கு உதவும்: 'கிராங்கன்' (நோயாளர்) தெரிந்தவருக்கு கிராங்கன்ஹவுஸ் (மருத்துவமனை), கிராங்கன்வாகன் (அம்புலன்ஸ்), கிராங்கன்காஸ (மருத்துவக் காப்புறுதி) எல்லாம் ஒரே குடும்பம். பெரிய குடும்பம் உள்ள சொல்லை வாசகர் விரைவாக அடையாளம் காண்கிறார் என்று நெதர்லாந்தில் ஷ்றொய்டரும் பாயெனும் 1997இலேயே காட்டியிருக்கிறார்கள்.

சரி, இப்போது நான் இதை எழுதுவதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் கற்பிக்கிறேன். அங்கே வருகிற பிள்ளைகளுக்கு டொச்தான் வாசிக்கிற மொழி, தமிழ் இரண்டாவது மொழி. நாங்கள் அன்று டொச் கடிதத்தின் முன்னால் இருந்த மாதிரி அவர்கள் தமிழ்ப் பாடத்தின் முன்னால் இருக்கிறார்கள். 'படிக்காதவர்களுக்கு' என்ற சொல்லைக் கண்டால் 'படிக்க' வரை வாசித்து மிச்சத்தை ஊகிக்கிறார்கள், இல்லை என்கிற செய்தி நடுவில் ஒரு 'ஆ'வில் இருப்பது கண்ணில் படுவதில்லை. டொச்சில் மறுப்புக்குத் தனிச் சொல் உண்டு, அதைத்தான் அவர்கள் தேடுவார்கள். மரம் தெரிந்த பிள்ளைக்கு 'மரத்திலிருந்து' என்பதற்குள் மரம் தெரிவதில்லை, ஏனென்றால் ம் போய் அத்து வந்துவிட்டது. எழுத்தும் ஒரு காரணம். கடலில் என்பதைப் பிரிக்க வேண்டிய இடம் 'லி' என்கிற ஒரே எழுத்தின் உள்ளே இருக்கிறது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் வெட்டிப் பழகிய டொச் கண்ணுக்கு அங்கே வெட்ட வழியில்லை. அதனால் நான் முதலில் ல்+இ என்று எழுதிக் காட்டி, பிள்ளைகளைக் கொண்டே சேர்க்கவும் பிரிக்கவும் விடுகிறேன். பெயர்கள் சொல்லுவதில்லை, சாரியை என்ற சொல் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு போதும். டொச்சில் வருகிற ஸ் மாதிரி என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள், அது அவர்கள் தினமும் எழுதுவது.

எங்கள் ஆசிரியர் குழுவில் ஒரு அக்கா இதை ஏற்கவில்லை. நிறையக் கதை வாசிக்கக் கொடுத்தால் பிரிப்பது தானாக வரும், இலக்கணம் பிள்ளைகளைத் துரத்திவிடும் என்கிறார். வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் தமிழ் காண்கிற பிள்ளைக்குத் தானாக வரும் அளவுக்கு வாசிப்பு எங்கிருந்து கிடைக்கும் என்பது என் கேள்வி. கதைப் புத்தகமும் வேண்டும், அதிலிருந்தே ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று சொல்லை எடுத்துப் பிரிக்கவும் வேண்டும் என்று இப்போது ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். அடுத்த தவணை எதிர்மறை வினைகளிலிருந்து தொடங்குகிறோம். மற்ற நாடுகளில் தமிழ் கற்பிக்கிற நம் பழைய மாணவர்கள் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று மலர்க் குழுவுக்கு எழுதுங்கள், குறிப்பாக, வீட்டில் பிரெஞ்சோ நோர்வேஜிய மொழியோ பேசுகிற பிள்ளைகள் எந்த விகுதியில் தடுக்குகிறார்கள் என்பதை.