64 கட்டத்துக்குப் பதினோரு நடை

கார் நிறுத்துமிடத்தில் மஞ்சள் கோடு காய்ந்து, தடுப்புகளை எடுத்து, கார்கள் உள்ளே வர ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. அனுமதி கேட்டு நின்ற அந்த அரசாங்க அலுவலகக் கவுண்டரை இன்னும் நினைத்தால் வயிறு எரிகிறது. பினாங்கில் இதே மாதிரி வேலையை எடுத்து யாராவது மாட்டிக்கொண்டால் அவருக்கு ஒரு நடையாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பட்டர்வொர்த்தில் ஒரு சின்ன இஞ்சினியரிங் நிறுவனத்தில் பெலான், அதாவது வரைபடம், வரைகிறவன். வரைவது பாதி வேலை, அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மீதிப் பாதி. ஜார்ஜ் டவுனில் கடலோரமாக இருக்கும் ஒரு பொதுக் கார் நிறுத்துமிடத்தைத் தரம் உயர்த்தும் வேலை பாஸுக்குக் கிடைத்தது. எந்த இடம், எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. நாளைக்கும் நான் அங்கே போய் நிற்க வேண்டும்.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. வெடித்துப்போன தாரைச் சுரண்டிவிட்டுத் தண்ணீர் கீழே இறங்குகிற கல் பாவ வேண்டும். கால்வாயைச் சரிசெய்ய வேண்டும், விளக்கு மாற்ற வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு அகலமான கட்டம் விட வேண்டும், மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வரிசை. மொத்தம் 64 கட்டம். "ஆறு வாரத்துல பேப்பர் முடிஞ்சிரும்" என்றார் பாஸ். கே.எம். எனப்படும் திட்டமிடல் அனுமதிக்கு எத்தனையோ மனு போட்டவன் நான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் நடை ஒரே ஒரு டிக்கால் வீணானது. 2008 ஜூலை 7-ஆம் தேதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது ஜார்ஜ் டவுனை இரண்டு வட்டாரமாகப் பிரித்தார்கள். ஸோன் தெராஸ் என்கிற மைய வட்டாரம் 109.38 ஹெக்டர். அதைச் சுற்றி ஸோன் பெனம்பான் என்கிற இடைக்காப்பு வட்டாரம், 150.04 ஹெக்டர். நிறுத்துமிடம்தானே, கட்டடமா என்ன, என்று நினைத்து நான் மனுவில் பெனம்பானுக்கு டிக் போட்டுவிட்டேன். கட்டடம் இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை. கோட்டுக்குள் இருந்தால் வெறும் தரையும் மைய வட்டாரம்தான். 2016-இல் அரசிதழில் வந்த சிறப்பு வட்டாரத் திட்டத்தின் வரைபடத்தை எடுத்து ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சரி, அது என் தப்பு. அன்றைக்குக் காலை ஏழு மணி ஃபெரியில் போய், மதியம் அதே ஃபைலோடு திரும்பி வந்தேன்.

அடுத்து வந்ததுதான் வதை.

கடலை ஒட்டிய கடைசி வரிசையில் 14 கட்டம் இருந்தது. கவுண்டரில் இருந்த குமாஸ்தாப் பெண் நில எல்லையைக் காட்டும் லாட் பெலானை எடுத்து, என் பெலான் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டையும் ஒரே அளவில் அச்சடித்துக் கொண்டுபோனது என் புத்தி. லாட் கோடு அந்த 14 கட்டத்தின் நடு வயிற்றைக் கீறிக்கொண்டு போனது. "என்சே (ஐயா), இந்தப் பக்கம் யாரோட நிலம்?" என்று மலாயில் கேட்டார். நான் கடலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

ஜார்ஜ் டவுனின் கிழக்குக் கரையில் இது புதுசு இல்லை. நம்மவர்கள் கடற்கரைத் தெரு என்று சொல்லும் பீச் ஸ்திரீட் பெயருக்கேற்ற மாதிரி ஒரு காலத்தில் கடலை ஒட்டியே இருந்தது. 1880களில் கடலைத் தூர்க்க ஆரம்பித்து வெல்ட் கீயைப் போட்டார்கள். அப்புறமும் ஆங்காங்கே மண் கொட்டியிருக்கிறார்கள். எங்கள் இடத்தில் கொட்டினவர் கொட்டிவிட்டுப் போய்விட்டார், அந்தக் கடைசித் துண்டுக்குப் பத்திரம் போட யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருடமாக அதன் மேல் கார் நிறுத்திக்கொண்டிருக்கிறோம், யாரும் கேட்டதில்லை. மனு போட்டதும் கேள்வி வந்துவிட்டது.

நிலத்துக்கு உரியவரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். உரியவர் யார்? ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டியது. அங்கே போனால், "முதல்ல அவங்க எங்களுக்கு எழுதணும், அப்புறம்தான் நாங்க பதில் எழுத முடியும்" என்றார்கள். எழுதச் சொல்லிக் கேட்டுத் திரும்பிப் போனால், ஃபைலைப் பார்க்கிற அதிகாரி குர்சுஸ், அதாவது பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வாருங்கள். வெள்ளிக்கிழமை போனேன், பன்னிரண்டே காலுக்கு. வெள்ளிக்கிழமை மதியம் அரசாங்கக் கவுண்டர் எத்தனை மணிக்கு மூடும் என்று மலேசியாவில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஃபெரி தாமதம். மூடியிருந்த கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து ரெண்டே முக்கால் வரைக்கும் காத்திருந்தேன். திறந்ததும் வந்தவர் சொன்னது: "கடிதத்துல சாப்பு இல்லையே." பாஸின் கையெழுத்துக்குக் கீழே கம்பெனி சாப்பு, அதாவது முத்திரை, அடிக்க மறந்திருந்தோம். சாப்பு பட்டர்வொர்த்தில் இருந்தது.

அன்று முதல் சாப்பும் மைப்பெட்டியும் என் பையை விட்டு இறங்கவில்லை. பாஸுக்குத் தெரிந்தால் திட்டுவார், தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் ஐந்து நடை. கடைசியில் முடிச்சை அவிழ்த்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தொழில்நுட்ப உதவியாளர். காப்பிக் கடையில் தற்செயலாகப் பார்த்தேன். புலம்பலைக் கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, அந்தப் பதினாலையும் பெலானை விட்டு எடுத்துடேன். இருக்கிற தாரு இருக்கட்டும், கோட்டை மட்டும் திரும்பப் போடு. அதுக்கு எதுக்குப் புது அனுமதி?" என்றார். கையிலிருந்த தேதாரே டீ ஆறிக்கொண்டிருந்தது, எனக்குப் பேச்சே வரவில்லை. இரண்டு மாதமாக எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே. இப்போது போய்ப் பார்த்தாலும் தெரியும்: 50 கட்டம் புதுக் கல்லோடு பளிச்சென்று இருக்கும், கடலோர 14 மட்டும் பழைய தார். பார்க்க ஒட்டுத் துணி மாதிரிதான் இருக்கிறது. இருக்கட்டும்.

பாரம்பரியப் பிரிவுக்காரர்கள்தான் இழுத்தடிப்பார்கள் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். உண்மையில் அவர்கள் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. பாரம்பரியத் தாக்க அறிக்கையை அதற்கென்று இருக்கும் ஓர் ஆலோசகர் எழுதிக் கொடுத்தார். கூட்டத்தில் இரண்டே கேள்வி. விளக்குக் கம்பம் பழைய கட்டடங்களைப் பார்க்கிற பார்வையை மறைக்குமா? நாளைக்கு வேண்டாம் என்றால் பாவின கல்லை உடைக்காமல் பெயர்த்து எடுக்க முடியுமா? கம்பத்தைக் குட்டையாக்கினோம். கல்லுக்கு அடியில் கான்கிரீட் போடாமல் மணல் படுகையில் வைப்பதாக வரைந்து காட்டினோம். முடிந்தது.

மரம்தான் அடுத்த அடி. நுழைவாயிலை அகலப்படுத்த ஒரு கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மரத்தை எடுக்க வேண்டியிருந்தது. சட்டம் 172, அதாவது 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. எங்கள் பையன் மரத்தை அளந்து 26 சென்டிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தான். எண்பதுக்கு எவ்வளவோ குறைவு, பிரச்சினை இல்லை என்று நானும் விட்டுவிட்டேன். அவன் அளந்தது குறுக்களவு. சட்டம் கேட்பது சுற்றளவு. 26-ஐ 3.14-ஆல் பெருக்கிப் பாருங்கள், 81.6 வரும். ஒன்றரை சென்டிமீட்டரில் மாட்டினோம். இடத்தைப் பார்க்க வந்த அதிகாரி நேராக மரத்துக்குப் போய்த் துணி அளக்கிற டேப்பைச் சுற்றி, ஒன்றும் சொல்லாமல் எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மரம் அங்கேயே நிற்கிறது, நுழைவாயில்தான் வளைந்து போகிறது. சனிக்கிழமைகளில் அதன் நிழலுக்குத்தான் முதல் கார் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி தண்ணீர். இந்த ஒரு பகுதியை மட்டுமாவது கவனமாகப் படியுங்கள்.

கால்வாய் கடலில் விழுகிற இடத்தில் என்ன உயரம், ஏற்றத்தின்போது கடல் எவ்வளவு வரும் என்று பெலானில் காட்ட வேண்டும். சர்வேயர் கொடுத்த தரை உயரங்களைப் போட்டேன். வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்த்து உயர்ந்த ஏற்றத்தின் எண்ணையும் போட்டேன். அப்படிப் பார்த்தால் மாதத்துக்கு இரண்டு முறை எங்கள் நிறுத்துமிடம் முழங்காலுக்கு மேல் முழுகியிருக்க வேண்டும். கால்வாய்ப் பிரிவு ஃபைலைத் திருப்பி அனுப்பியது. ஓரத்தில் பேனாவால் ஒரு கேள்விக்குறி, வேறு எழுத்தே இல்லை. அந்தக் கேள்விக்குறிக்கு அர்த்தம் கேட்கவே இரண்டு நடை போனேன். "கன்சல்டன்தான் பார்க்கணும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். சர்வேயரின் உயரம் கிள்ளான் துறைமுகத்தில் அளந்த சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எண்ணுகிறது. வற்றுப்பெருக்கு அட்டவணையோ கப்பல்காரர்களுக்கானது, கடல் மிகவும் வற்றும்போது நிற்கிற மட்டத்திலிருந்து எண்ணுகிறது. இரண்டு பூஜ்யத்துக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம். நான் இரண்டையும் ஒரே பூஜ்யமாக நினைத்து ஒரே பெலானில் எழுதிவிட்டேன். அந்தக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் பத்து நாள் மிச்சம்.

இதை நான் கண்டுபிடித்தது ஆபீஸில் உட்கார்ந்து இல்லை. கடல் சுவரில் தினமும் தூண்டில் போடுகிற பெரியவர் ஒருவர் உண்டு. கப்சாய் என்கிற தன் பழைய சின்ன மோட்டார் சைக்கிளை எப்போதும் கால்வாய் மூடிக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவார். நான் டேப்பும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"இங்க எங்க தம்பி முழங்கால் தண்ணி? வண்டி டயர் பாதி நனையும், அவ்வளவுதான்."

"எப்போ ஐயா?"

"அமாவாசைக்கு மறுநாள் வந்து பாரு. பௌர்ணமிக்கும் வரும். செவுத்து மேல ஏறி வராது, இந்த மூடி வழியாத்தான் கொப்புளிச்சுக்கிட்டு வரும்."

மறு அமாவாசைக்கு அடுத்த நாள் போனேன். அவர் சொன்ன நேரத்துக்கு, சொன்ன மூடியின் ஓட்டை வழியாக, முதலில் குமிழி, பிறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரா, பிறகு கறுப்புத் தண்ணீர். பெயிண்ட் டப்பா மூடி அளவுக்கு வட்டமாகப் பரவி, பெரியவரின் பின்டயரைத் தொட்டு, ஒரு விரற்கடை ஏறி நின்றது. சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுப் படம் எடுத்துக்கொண்டேன். சர்வேயரைக் கூப்பிட்டு அந்தக் கோட்டின் உயரத்தை எடுக்கச் சொன்னேன். அட்டவணை எண்ணோடு ஒப்பிட்டபோதுதான் இரண்டு பூஜ்யமும் தனித்தனி என்று மண்டையில் உறைத்தது. படத்தையும் திருத்திய பெலானையும் கொடுத்தேன், கால்வாய் வாயில் ஒருபக்கம் மட்டும் திறக்கிற மடக்குக் கதவு போடுவதாகவும் எழுதினேன். நான்காம் நாள் ஒப்புதல். எந்தக் கடலோர வேலையாக இருந்தாலும் சர்வேயரையும் அட்டவணையையும் பார்த்து, "உன் பூஜ்யம் எது?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தோண்டும்போது ஒரு நாள் மண்வெட்டி டங்கென்றது. அரை மீட்டர் ஆழத்தில் கிரானைட் கல், ஒன்றையொட்டி ஒன்றாக ஏழு. பழைய படித்துறை ஓரமாக இருக்கலாம் என்றார்கள். அனுமதிக் கடிதத்தில் இருந்த நிபந்தனைப்படி வேலையை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னோம். வந்து அளந்து, வரைந்து, மணல் போட்டு அப்படியே மூடச் சொன்னார்கள். பதினெட்டு நாள். மெஷின் வாடகை யார் தலையில் என்ற சண்டை இன்னும் முடியவில்லை. பெலான் வரைவதற்கு முன்னாலேயே நாலு இடத்தில் குழி வெட்டிப் பார்த்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை. அடுத்த தடவை குழிக்கான செலவை குவட்டேஷனிலேயே சேர்த்துவிடுவேன்.

திறந்த பிறகு வந்த முதல் அமாவாசைக்கு மறுநாள் வேண்டுமென்றே போனேன். தண்ணீர் கால்வாய் வாய்வரை ஏறி வந்து, மடக்குக் கதவில் முட்டி, அந்தப் பக்கமே நின்றது. மூடிக்கு மேல் சொட்டு ஈரம் இல்லை. எனக்கு நிஜமாகவே கைதட்ட வேண்டும் போல இருந்தது. பெரியவர் குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் வண்டியை எங்க நிறுத்துறது?"

அவர் வழக்கமாக நிறுத்துகிற இடத்தில்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டத்தின் மஞ்சள் சாய்கோடு போயிருந்தது. மோட்டார் சைக்கிள் வரிசையைக் காட்டினேன். அது அந்தக் கோடியில், நூறு மீட்டர் தள்ளி. பெரியவர் அதைப் பார்த்தார், தூண்டிலைப் பார்த்தார், கப்சாயைத் தள்ளிக்கொண்டு போய்க் கெத்தாப்பாங் மரத்தடியில் சாய்த்துவிட்டு வந்தார்.