அணை உடையப் போகுதாம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருப்பவனுக்கு, மழைக்காலத்தில் கொழுந்துக் கணக்கோடு இன்னொரு வேலையும் சேர்ந்துவிடும். முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிக் கிளம்பும் புரளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் கொழுந்து எடை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா போனை நீட்டினார். "அண்ணே, இதைக் கேளுங்க. இன்னிக்கு ராத்திரி அணை உடையுதாம்." வாட்ஸ்அப்பில் ஒரு ஆண் குரல் பதறிப் பேசியது. என்ன தேதி, நீர்மட்டம் எத்தனை அடி, பேசுவது யார், எதுவும் அதில் இல்லை. அதற்குள் பாதிப் பேர் சாக்கைப் போட்டுவிட்டு, தாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு ஓடிவிட்டார்கள். ரேஷன் கார்டையும் பேரனின் சர்டிபிகேட்டையும் பாலிதீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்ட ஒரு பாட்டி, "கம்பத்துக்கு பஸ் இருக்கா தம்பி?" என்று கேட்டார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வராது. 2011 நவம்பரில் இடுக்கியில் நிலம் அதிர்ந்தபோது பயந்து கிடந்த ஊர் இது.

அணை 1895-இல் கட்டி முடித்தது. பின்னாளில் கான்கிரீட் போட்டுப் பலப்படுத்தினார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அணை பாதுகாப்பானதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை, அதைத் தீர்க்க நான் ஆளில்லை. ஆனால் ஷட்டர் திறப்பது வேறு, அணை உடைவது வேறு. ஷட்டர் திறந்தால் வல்லக்கடவிலும் வண்டிப்பெரியாற்றிலும் ஆற்றில் தண்ணீர் ஏறும். கரையோரத்தில் இருப்பவர்கள் நிஜமாகவே மேட்டுக்குப் போக வேண்டும். அப்படி மைக் கட்டிய ஜீப் வந்த ஒரு நாளில், "இவங்களுக்கு இதே வேலை" என்று ஒருவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். புரளி கிளப்புகிறவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களில் தூங்கிய 70 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களை எழுப்ப ஒரு குரல்கூட இல்லை.

இப்போது மழை தொடங்கியதும் அணையின் நீர்மட்டத்தைத் தினமும், வருகைப் பதிவு எடுக்கும் இடத்து மஸ்டர் பலகையில் தமிழில் எழுதுகிறோம். கனமழைக்கான ஆரஞ்சு அலர்ட் என்றால் சரிவில் இருக்கும் லயங்களுக்கு ஆள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை நானே போகிறேன்.