உடைந்த தண்டவாளத்திலிருந்து தொடங்குங்கள்: வரலாறு விருப்பப் பாடத்தில் 1800–1840 காலத்து அறிவியலும் தொழில்நுட்பமும்

குடிமைப் பணித் தேர்வின் இறுதி முடிவு வெளிவந்து, பட்டியலில் என் பெயரையும் பார்த்துவிட்ட பிறகுதான் இதை எழுதும் துணிவு வந்தது. வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் விடை எழுதுகிறவர்கள் பலர், இரண்டாம் தாளின் உலக வரலாற்றுப் பகுதியில் தொழில்மயமாதல் என்னும் தலைப்பை எப்படிக் கையாண்டேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாடத்திட்டத்தில் அதற்கு இருப்பவை சில வரிகளே. ஆனால் அந்தச் சில வரிகளுக்குள் 1800 முதல் 1840 வரையிலான அறிவியல், தொழில்நுட்ப முன்னேற்றங்கள் அத்தனையும் புகுந்துகொள்கின்றன. அந்த நாற்பது ஆண்டுகளைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். பிரெஞ்சுப் புரட்சிக்கும் உலகப் போர்களுக்கும் வழிகாட்ட என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

என் இயல்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கீழே வரும் அறிவுரை முழுவதும் அதற்கேற்பவே அமைந்திருக்கும். அட்டவணையாகப் படித்த ஆண்டுகள் எனக்கு ஒரு வாரம்கூடத் தங்குவதில்லை. ஒரு கண்டுபிடிப்பு ஏன் அதற்கு முன்பே வரவில்லை என்பது புரிந்துவிட்டால் மட்டும் அதன் ஆண்டு தானாகவே நினைவில் நிற்கிறது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் மூன்று வினாக்களை வைத்துக்கொண்டேன்: அதற்கு முன் கையில் இருந்தது என்ன, வேலை எந்த இடத்தில் சிக்கி நின்றது, அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் யாரிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டார். இவற்றுள் நடுவில் இருக்கும் வினாவே மதிப்பெண் தருவது என்பது என் உறுதியான கருத்து. வெற்றி பெற்ற இயந்திரத்தைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள்; சிக்கி நின்ற இயந்திரத்தைப் பற்றி எழுதுகிறவரின் விடைத்தாள் தனியாகத் தெரியும்.

ரயிலை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான குறிப்புகளில் 1825 ஸ்டாக்டன்–டார்லிங்டன், 1829 ராக்கெட் எஞ்சின், 1830 லிவர்பூல்–மான்செஸ்டர் என்று மூன்று வரிகள் இருக்கும். நான் தொடங்கியது 1804 பிப்ரவரி 21இல். அன்று தெற்கு வேல்ஸில் பெனிடாரன் இரும்பாலையிலிருந்து ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி வண்டி 10 டன் இரும்பையும் ஏறத்தாழ 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு ஒன்பது மைலுக்கு மேல் ஓடியது. ஜேம்ஸ் வாட்டின் காப்புரிமை 1800இல் காலாவதியாகியிருந்தது. வாட் அஞ்சி ஒதுக்கிய உயர் அழுத்த நீராவியை டிரெவிதிக் துணிந்து கையாண்டதால், எஞ்சினைச் சக்கரத்தின் மேல் ஏற்றும் அளவுக்குச் சிறிதாக்க முடிந்தது. எஞ்சின் ஓடியது, ஆனால் பாதை தாங்கவில்லை. குதிரை இழுக்கும் வண்டிகளுக்காகப் போடப்பட்ட வார்ப்பிரும்புத் தகடுகள் அதன் எடையில் உடைந்தன. வண்டி ஓரிடத்தில் நிற்கும் எஞ்சினாகப் பயன்படுத்தப்பட்டது.

இனி வரும் இருபத்தைந்து ஆண்டுகளின் ரயில் வரலாறு அந்த உடைந்த தகட்டுக்கு விடை தேடிய வரலாறு என்றே நான் படித்தேன். நெப்போலியனுடனான போரில் குதிரைத் தீவனத்தின் விலை ஏறியது. நிலக்கரிச் சுரங்க உரிமையாளர்கள் மீண்டும் நீராவியின் பக்கம் திரும்பினார்கள். 1812இல் லீட்ஸுக்கு அருகே மிடில்டன் சுரங்கத்தில் பிளென்கின்சாப், பாதை உடையாதபடி எடை குறைந்த எஞ்சினைச் செய்வித்தார். எடை குறைந்தால் சக்கரம் வழுக்கும் என்பதால் பக்கவாட்டில் பல்சக்கரமும் பல்வரிசையும் வைத்தார். வைலமில் ஹெட்லி வழவழப்பான சக்கரமே போதும் என்று காட்டினார். ஆயினும் எடையைப் பரப்புவதற்காக அந்த எஞ்சின் சில காலம் எட்டுச் சக்கரங்களில் ஓடவேண்டியிருந்தது. 1820இல் பெட்லிங்டன் ஆலையில் பர்கின்ஷா தேனிரும்பை (வார்ப்பிரும்பைப் போல எளிதில் உடையாத இரும்பை) உருளைகளுக்கிடையே செலுத்தி 15 அடி நீளத் தண்டவாளம் உருட்டிய பிறகே முடிச்சு அவிழ்ந்தது. வார்ப்பிரும்புத் தண்டவாளக் காப்புரிமை ஒன்றில் தமக்கே பங்கு இருந்தபோதும் ஜார்ஜ் ஸ்டீபன்சன் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைக்குப் பர்கின்ஷாவின் தண்டவாளத்தைப் பரிந்துரைத்தார் என்பது, நான் வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் எழுதிய தகவல். தேனிரும்பு மலிவானதற்கு 1784இல் ஹென்றி கார்ட் காட்டிய முறை காரணம் என்று ஒரு தொடர் சேர்த்தால் இரும்பும் நிலக்கரியும் நீராவியும் ஒரே பத்தியில் இணைந்துவிடும். அதன்பின் 1829இல் எஞ்சின்களுக்கிடையே நடந்த ரெயின்ஹில் போட்டிக்கும், கொதிகலனுக்குள் 25 செப்புக் குழாய்கள் வைத்த ராக்கெட்டுக்கும் ஓரிரு வாக்கியங்கள் போதும்.

அடுத்து, தேர்வில் அடிக்கடி வேறு வேறு உருவில் வரும் சிக்கலான வினா: அறிவியல் தொழிலை வளர்த்ததா, தொழில் அறிவியலை வளர்த்ததா? பொத்தாம்பொதுவாக "இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன" என்று எழுதுவது வீண். நீராவியில் நடந்தது ஒன்று, மின்சாரத்தில் நடந்தது வேறொன்று. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துங்கள்.

நீராவியில் கைவினைஞர் முன்னே போனார், அறிஞர் பின்னால் வந்தார். கார்ன்வாலில் வெள்ளீய, செப்புச் சுரங்கங்களிலிருந்து நீர் இறைக்க எஞ்சின்கள் தேவைப்பட்டன. அங்கே நிலக்கரி கிடையாது, வேல்ஸிலிருந்து கடல் வழியாக வரவேண்டும். ஆகவே ஒரு மரக்கால் நிலக்கரிக்கு எந்த எஞ்சின் எவ்வளவு நீரை எவ்வளவு உயரம் ஏற்றியது என்பதை 1811 முதல் மாதந்தோறும் அச்சிட்டு வெளியிட்டார்கள். ஒரு சுரங்கத்தில் செய்த சீர்திருத்தத்தை அடுத்த சுரங்கத்துப் பொறியாளர் உடனே அறிந்துகொண்டார். காப்புரிமை என்னும் வேலி இல்லாத இடத்தில் எஞ்சினின் திறன் இப்படி உயர்ந்தது என்பதை, காப்புரிமைச் சட்டமே இங்கிலாந்தின் வெற்றிக்குக் காரணம் என்று கூறும் வினா வந்தால் எதிர்வாதமாக வையுங்கள். வெப்பத்திலிருந்து அதிகபட்சமாக எவ்வளவு வேலையைப் பெறமுடியும் என்னும் கோட்பாட்டு வினாவைப் பாரிஸில் சாடி கார்னோ எழுப்பியது 1824இல்; அதற்குள் நீராவி எஞ்சின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்துவிட்டது.

மின்சாரத்தில் முறை தலைகீழ். 1800 மார்ச்சில் வோல்ட்டா தம் மின்னடுக்கைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். துத்தநாகமும் வெள்ளியும் மாறி மாறி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டை. அதற்கு முன்னிருந்த கருவிகள் ஒரு பொறியைத் தந்து அடங்கிவிடும்; இது தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்தைத் தந்தது. கடிதம் அச்சாவதற்கு முன்பே நிக்கல்சனும் கார்லைலும் அதே அடுக்கைச் செய்து நீரைப் பிரித்துவிட்டார்கள். 1807இல் ஹம்ஃப்ரி டேவி பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே பிரான்சின் அறிவியல் கழகம் பகைநாட்டவரான டேவிக்குப் பரிசளித்தது. 1813இல் அவர் இளைஞர் ஃபாரடேயை உடன் அழைத்துக்கொண்டு பாரிஸுக்குச் சென்றார். 1820இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார்; சில வாரங்களில் பாரிஸில் ஆம்பியர் அதற்குக் கணக்கு எழுதத் தொடங்கினார்.

ஃபாரடேயின் 1831 ஆகஸ்ட் 29 சோதனையை ஒரு முறையாவது படம் வரைந்து பாருங்கள். ஆறு அங்குல விட்டமுள்ள மெல்லிரும்பு வளையம். ஒரு பக்கம் ஒரு கம்பிச் சுருள், அதனை மின்கலத்தோடு இணைக்கலாம். மறுபக்கம் இன்னொரு சுருள், அதன் முனைக்கம்பி ஒரு காந்த ஊசியின் மேலாகச் செல்கிறது. மின்கலத்தை இணைத்த கணத்தில் ஊசி அசைந்தது, பிறகு பழைய நிலைக்கு வந்து நின்றுவிட்டது. துண்டித்த கணத்தில் மறுபடி அசைந்தது. மின்னோட்டம் நிலையாக ஓடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஊசியில் எந்த மாற்றமும் இல்லை. முன்னர் முயன்றவர்கள் நிலையான விளைவைத் தேடியதால் இது கண்ணுக்குப் படாமல் நழுவியது. மாற்றமே மின்னோட்டத்தைத் தூண்டுகிறது என்று ஃபாரடே அறிந்துகொண்டார். மறு ஆண்டே பாரிஸில் பிக்சி கையால் சுற்றும் மின்னாக்கியைச் செய்தார். ஆலைகளுக்குப் பயன்படும் டைனமோவுக்கோ 1860களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தந்தி மட்டும் விரைந்து வந்தது: 1837இல் லண்டனில் குக்கும் வீட்ஸ்டனும் நடத்திய சோதனை, 1844இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தொடர். குக், வீட்ஸ்டன் கருவியை முதலில் வாங்கியவை ரயில் நிறுவனங்கள் என்று எழுதினால் நீராவித் தொடரும் மின்சாரத் தொடரும் சந்தித்துவிடும்.

மற்றவற்றுக்கு நான் நேரம் செலவிடவில்லை. சிக்கிய இடத்தை மட்டும் குறித்துக்கொண்டேன்:

- டால்ட்டனின் அணுக்கொள்கை (1808): அணுவையும் மூலக்கூறையும் பிரிக்க அவகாத்ரோ 1811இலேயே வழி சொல்லியும், 1860இல் கன்னிசாரோ எடுத்துரைக்கும் வரை பெரும்பாலோர் செவிசாய்க்கவில்லை.
- அப்பேரின் உணவு பதப்படுத்தல் (1810): முறை பலித்தது, காரணம் பாஸ்டர் காலத்தில்தான் தெரிந்தது.
- கோனிக்கின் நீராவி அச்சு (1814, லண்டன் டைம்ஸ்): மணிக்கு 1,100 தாள்கள். ஆனால் முத்திரை வரி 1836இல் குறையும் வரை செய்தித்தாள் ஏழைக்கு எட்டவில்லை.
- பாபேஜின் கணக்கு இயந்திரம் (1822 மாதிரி): அரசுப் பணம் கரைந்தது, கைவினைஞரோடு பூசல், இயந்திரம் முடியவில்லை.
- சுரங்க வாயு தீப்பற்றாமல் காக்கும் டேவி விளக்கு (1815): ஃபெல்லிங் சுரங்கத்தில் 1812இல் 92 பேர் இறந்ததன் பின்விளைவு. விளக்கு வந்தபின் அதுவரை அஞ்சி விட்டிருந்த ஆபத்தான அடுக்குகளையும் தோண்டத் துணிந்தார்கள்.

ஃபிரான்ஹோஃபரின் கோடுகள், சீரிஸ் குறுங்கோள், லாயெலின் புவியியல் ஆகியவை சுவையானவை. வரலாற்றுத் தாளுக்கு ஓரிரு சொற்கள் போதும்.

சமூகத் தாக்கம் பற்றிய வினாவில், இயந்திரங்களை உடைத்த தொழிலாளர்களான லுட்டியர்களை எழுதாதவர் இல்லை. ஆனால் புதிய இயந்திரத்தைக் கண்டு மிரண்ட பாமரர்கள் என்றே பலர் எழுதுகிறார்கள். 1811இல் நாட்டிங்காம் பகுதியில் உடைக்கப்பட்டவை காலுறை பின்னும் சட்டங்கள். அந்தப் பின்னற்கருவி எலிசபெத் அரசி காலத்திலேயே வந்துவிட்டது. அவர்களுடைய மனக்குறை கூலிக் குறைப்பும், தொழில் பயிலாதவர்களை அமர்த்தி மட்டமான சரக்கைச் செய்வித்ததும். 1812இல் பின்னற்கருவியை உடைப்பதை மரண தண்டனைக் குற்றமாக்கினார்கள். கைத்தறி நெசவாளரின் கதை இதிலிருந்து வேறு: நூற்பு இயந்திரத்தால் நூல் மலிந்தபோது முதலில் அவர்களின் எண்ணிக்கை கூடியது, 1813இல் பிரிட்டனில் ஏறத்தாழ 2,400 ஆக இருந்த விசைத்தறிகள் 1833இல் ஏறத்தாழ 1,00,000 ஆனபோது அவர்கள் நசுங்கினார்கள். அதே மான்செஸ்டர்த் துணி நம் நெசவாளரை என்ன செய்தது என்பது இதே தாளின் முதற்பிரிவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே சிக்கனம்.

இடையில் ஒரு சொல். ஐரோப்பிய அறிவியல் குடியேற்ற நாடுகளுக்கு வந்த விதம் பற்றி எழுத நேர்ந்தால் எடுத்துக்காட்டை வெளியே தேட வேண்டாம். கம்பெனியின் அளவையாளர் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவையே பின்னர் இந்தியா முழுவதும் பரவியது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) சுவரில் மோதி நசுங்கியது; லாம்டன் அதைத் தாமே செம்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தினார். நாடாளக் கருவி தேடிய கம்பெனிக்கும், பூமியின் வடிவத்தை அறிய விரும்பிய அளவையாளருக்கும் ஒரே வேலை உதவியது என்று காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

நான் சில காலம் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் இத்தலைப்புக்கு ஒரே மாலைப்பொழுதை ஒதுக்கி, பெயரும் ஆண்டுமாக இரண்டு பக்கங்கள் கொடுத்தார்கள். கேள்வி கேட்டபோது, உலக வரலாற்றில் இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை என்றார்கள். அந்த எரிச்சல் இன்னும் முழுதாகத் தணியவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. 150 சொற்களில் எழுதும் பத்து மதிப்பெண் வினாவில்தான் நுணுக்கம் மிகவும் தேவை, ஏனெனில் பொதுக்கருத்தை விரிக்க அங்கே இடமில்லை. முதல் வாக்கியத்தில் வினாவின் கூற்றுக்கு நேரடி நிலைப்பாடு, அடுத்து சிக்கிய இடம் ஒன்று, அதை அவிழ்த்த வழி, பிறகு கூற்றுக்குப் பொருந்தாத ஒரு சான்று. இந்த வரிசையையே எல்லா வினாவுக்கும் வைத்துக்கொண்டேன். முன்னுரை எழுதவே மாட்டேன். விரைந்து எழுதுகிறவர்களுக்கு வேறு முறை பொருந்தலாம். என் கை மெதுவானது.

ஜெர்மனியின் தொழில்மயமாதலுக்கும் இதே மூன்று வினாக்களைக் கொண்டு செல்லலாம். 1835 டிசம்பரில் நியூரம்பர்க்கிலிருந்து ஃபியூர்த்துக்கு ஓடிய முதல் ரயிலின் எஞ்சினை ஸ்டீபன்சன் ஆலை இங்கிலாந்தில் செய்து அனுப்பியது; ஓட்டுநரும் ஆங்கிலேயரே. 1841இல் பெர்லினில் போர்சிக் தம் ஆலையில் எஞ்சின் செய்யத் தொடங்கிவிட்டார். அந்த ஆறு ஆண்டுகளை முன்வைத்து, கீஸனில் 1820களிலேயே லீபிக் மாணவர்களை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து வேதியியல் பயிற்றியதை அடுத்த பத்தியில் சேருங்கள். பிந்தி வந்த நாடு ஏன் விரைந்து வந்தது என்னும் வினாவுக்கு விடையின் பாதி அங்கேயே கிடைத்துவிடும், மீதிப் பாதிக்கு, ஜெர்மன் அரசுகள் தமக்குள் சுங்க வரியை நீக்கி அமைத்த சுங்க ஒன்றியத்தைப் பாருங்கள்.