உறங்கும் உயரமும் ஓடை பெருகும் நேரமும்: ஸ்ரீநகர் – லே – மணாலி பைக் பயணம்

ஸ்ரீநகரில் தொடங்கி லே வழியாக மணாலியில் முடியும் மலைப்பாதையில் பைக்கில் போகத் திட்டமிடும் பலர், முதலில் வரைபடத்தை விரித்து ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வகுத்துக்கொள்கிறார்கள். சமவெளி நெடுஞ்சாலைக்குப் பொருந்தும் அந்தக் கணக்கு இங்கே உதவாது. எந்த உயரத்தில் இரவு உறங்குகிறோம், எந்த நேரத்தில் பனி உருகி வரும் ஓடைகளைக் கடக்கிறோம் என்ற இரண்டையும் வைத்துத்தான் இங்கே ஒரு நாளின் பயணத்தை முடிவு செய்ய வேண்டும். கிலோமீட்டர் தானாகவே அவற்றுக்குப் பின்னால் வந்து நிற்கும்.

முதல் கேள்வி, எந்தத் திசையில் சுற்றுவது என்பது. மணாலி சுமார் 2050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புறப்படுபவர்களில் கணிசமானோர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ சார்ச்சுவில், அதாவது ஏறத்தாழ 4300 மீட்டரில், கூடாரத்தில் படுத்துவிடுகிறார்கள். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போன பிறகு, உறங்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் விதி. பகலில் எவ்வளவு உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்கினாலும் உடல் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் படுக்கும் இடம் உயரமாக இருந்தால் இரவில் மூச்சு சீர்குலைந்து, தலைவலியும் குமட்டலும் விடியும்வரை தூங்கவிடாது. ஸ்ரீநகரோ 1585 மீட்டர்தான். அங்கிருந்து சோன்மார்க், சோஜி லா (லா என்றால் கணவாய்), கார்கில் என்று வரும் பாதை 3500 மீட்டரைத் தொட்டுவிட்டு மீண்டும் 2676 மீட்டருக்கு இறங்கி, ஓர் இரவு நல்ல தூக்கம் தந்த பிறகே லேயின் 3500 மீட்டருக்கு நம்மை அனுப்புகிறது. ஆகவே ஸ்ரீநகரிலிருந்து ஏறி மணாலியில் இறங்குவது என்று முடிவு செய்தோம். எதிர்த்திசையில் வந்தவர்களை வழியில் பார்த்தபோது அந்த முடிவின் மதிப்பு இன்னும் கூடியது.

சோஜி லா 3528 மீட்டர்தான். இந்தச் சுற்றில் வரும் கணவாய்களில் மிகவும் தாழ்ந்தது. ஆனாலும் வண்டி ஓட்டுவதற்கு மிகக் கடினமானது அதுவே என்பது என் கருத்து. பால்டால் பக்கத்துச் சரிவில் சாலை செங்குத்தான பாறையைக் குடைந்து ஏறுகிறது. ஈரம் பட்ட மண் பசையாகக் குழைந்து டயரின் பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. எதிரே ராணுவ லாரிகளும் சரக்கு லாரிகளும் வரிசையாக வருகின்றன. அத்தகைய இடத்தில் முன் பிரேக்கைத் தொடாமல், முதல் கியரிலேயே எஞ்சினின் இழுவையை நம்பி, பள்ளத்தாக்கின் ஓரத்தை விட்டுச் சற்று உள்ளே தள்ளி மெதுவாக நகர்வதைத் தவிர வேறு வித்தை எதுவும் கிடையாது. இதற்கு மாறாக, அதே நெடுஞ்சாலையில் கார்கிலுக்கு அப்பால் வரும் நமிகா லாவும், அந்தச் சாலையின் மிக உயர்ந்த புள்ளியான 4108 மீட்டர் ஃபோட்டு லாவும், வழவழப்பான தார்ச்சாலையில் அகன்ற வளைவுகளோடு பாடுகிற பாதைகள். பலகையில் எழுதியிருக்கும் உயரத்துக்கும் பாதையின் கடுமைக்கும் தொடர்பில்லை என்பதை முதலிரண்டு நாட்களிலேயே இந்தச் சாலை புரிய வைத்துவிடுகிறது.

லேயை அடைந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு நாள் சும்மா இருப்பதுதான் செய்ய வேண்டிய வேலை. உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையைச் சிலர் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார்கள். சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. அதன்பின் கர்துங் லாவுக்கு ஒரு நாள் போய் வந்தோம். அங்கே பல ஆண்டுகளாக நின்ற பலகை, உலகிலேயே மிக உயரமான வண்டிச் சாலை, 18,380 அடி என்று சொன்னது. அளவீடுகள் காட்டும் உயரமோ சுமார் 5359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குச் சற்றுக் கீழே. எல்லைச் சாலைகள் அமைப்பு உம்லிங் லா வழியே 19,024 அடியில் சாலை போட்டுக் கின்னஸில் இடம்பெற்ற பிறகும், பலகையருகே படமெடுக்க நிற்கும் வரிசை மட்டும் குறைந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்த வரிசையில் நிற்கப் பொறுமையில்லை. கர்துங் லாவின் பயன், உயரத்துக்குப் போய்விட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி வந்து படுப்பதில் இருக்கிறது. மணாலி சாலைக்கு உடலைத் தயார் செய்ய அதைவிட நல்ல பயிற்சி லேயில் கிடையாது.

லேயிலிருந்து சிந்து நதியின் ஓரமாகவே காருவையும் உப்ஷியையும் கடந்து, ரும்ட்சே வழியாகத் தங்லங் லா ஏறத் தொடங்கும்போது வண்டியின் குணம் மாறுவதைக் கையாலேயே உணரலாம். உச்சி 5300 மீட்டரைத் தாண்டியது. கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் அங்கே இருக்கும். எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் உறிஞ்சும் காற்றும் அதே அளவுக்குக் குறைந்துவிடுவதால், 24 குதிரைத்திறன் கொண்ட வண்டி 12 குதிரைத்திறன் கொண்டதைப் போல நடந்துகொள்கிறது. என் வண்டியில் எரிபொருளை ஊசிமுனையால் தெளிக்கும் மின்னணு அமைப்பு இருந்ததால், காற்று குறையக் குறைய அது பெட்ரோலையும் குறைத்துக்கொண்டது. திறன் போனாலும் எஞ்சின் சீராகவே ஓடியது. உடன் வந்த நண்பருடையது பழைய கார்புரேட்டர் வண்டி. காற்று மெலிந்த பிறகும் ஏறத்தாழ அதே அளவு பெட்ரோல் போய்க்கொண்டிருந்ததால் அது கறுப்புப் புகை கக்கி, கடைசி வளைவுகளில் இரண்டாம் கியரில் இருமி, முதல் கியருக்கு இறங்கிய பிறகே ஏறியது. இதற்காக வழியில் நின்று, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை. வளைவு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினின் வேகம் விழாமல் பார்த்துக்கொண்டால் எந்த வண்டியும் ஏறிவிடும்.

டயர் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியழுத்தம் குறையும்போது டயருக்குள் இருக்கும் காற்று, மாறாத அளவாக இருந்தாலும், அழுத்தமானியில் கூடுதலாகத் தெரியும். சமவெளியில் நிரப்பிய காற்றோடு நேராக இந்த உயரத்துக்கு வந்தால் ஆறேழு பி.எஸ்.ஐ. வரை வித்தியாசம் வரக்கூடும். குளிர் அதில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும். சரளைக் கல்லில் வண்டி துள்ளுவதாகத் தோன்றினால் சஸ்பென்ஷனைக் குறை சொல்வதற்கு முன் மானியை வைத்துப் பார்ப்பது நல்லது.

தங்லங் லாவுக்கு அப்பால் மோரே சமவெளி. ஏறத்தாழ 4700 மீட்டர் உயரத்தில், நாற்பது கிலோமீட்டருக்கு நேராக ஓடும் சாலை. வேகமாகப் போகலாம்; பக்கக் காற்று மட்டும் பிற்பகலில் வண்டியைச் சாய்த்தே ஓட்டவைக்கும். பிறகு பாங்க் என்ற இடம், அதன்பின் 5060 மீட்டர் உயரமுள்ள லாச்சுங் லா, நக்கீ லா. அவற்றைத் தாண்டியதும் கீழே விரிகின்றன காட்டா வளைவுகள்: இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகளில் சாலை நானூறு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. இறக்கத்தில் பின் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும் என்பதால், இரண்டாம் கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும்படி விட்டு, வளைவுக்குச் சற்று முன் மட்டும் இரு பிரேக்குகளையும் தொட்டுவிட்டு, கண்ணை வளைவின் முடிவில் வைத்துத் திருப்ப வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது இங்கே மரியாதை மட்டுமல்ல, சாலை விதியும்கூட. பாதி ஏற்றத்தில் நின்றுவிட்ட லாரி மறுபடி நகர்வதற்குள் ஒரு யுகம் ஆகிவிடும். ஒரு வளைவின் ஓரத்தில் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கும் சிறு கோயில் போன்ற இடம் இருக்கிறது. பழுதான லாரிக்குக் காவலாக விடப்பட்டு, குளிரிலும் தாகத்திலும் இறந்துபோன ஒரு கிளீனருக்காக ஓட்டுநர்கள் தண்ணீர் வைக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். கதை எவ்வளவு உண்மையோ, ஆனால் ஒரு லாரி நின்று, ஓட்டுநர் இறங்கிப்போய்ப் பாட்டிலை வைத்துவிட்டு வந்ததை நான் பார்த்தேன்.

இப்போதுதான் அந்த இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. தூக்கத்தை மட்டும் பார்த்தால் சார்ச்சுவில் தங்காமல் பரலாச்சா லாவையும் தாண்டி, 3200 மீட்டரில் இருக்கும் ஜிஸ்பாவுக்கு இறங்கிவிடுவதே நல்லது. ஆனால் சார்ச்சுவை அடையும்போது பிற்பகல் ஆகிவிடுகிறது. பரலாச்சாவுக்கு மறுபுறம் ஜிங்ஜிங் பார் அருகே சாலையைக் கடந்து ஓடும் பனி உருகிய ஓடை முழு வேகம் கொள்வதும் அதே பொழுதில்தான். பகல் முழுதும் வெயில் பட்டு உருகும் நீர் மேலிருந்து சாலைக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிப்பதால், நண்பகலைவிட மாலையில்தான் வெள்ளம் மிகுதி. இரவில் உருகல் நின்று, விடியற்காலையில் அதே ஓடை கணுக்கால் அளவுக்கு ஒடுங்கிக் கிடக்கும். லேயில் போதிய நாட்கள் இருந்து உடல் பழகியிருந்ததால் நாங்கள் சார்ச்சுவைத் தேர்ந்தெடுத்தோம். அன்றிரவு நண்பர் கூடாரத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, “தலை லேசா கனக்குது, வாந்தி இல்ல. நடந்தா தள்ளாட்டமும் இல்ல” என்று தானே தன்னைப் பரிசோதித்துச் சொன்னார். தள்ளாட்டம் என்பது உயரம் மூளையைத் தாக்கியதன் அறிகுறி; அது வந்திருந்தால் ஓடை எப்படியிருந்தாலும் இருட்டிலேயே கீழே இறங்கியிருக்க வேண்டியதுதான். அதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. பக்கத்துக் கூடாரத்தில், முந்தைய நாள்தான் மணாலியை விட்டு வந்த ஒரு குழுவினர் இரவெல்லாம் இருமிக்கொண்டும் வெளியே போய் வந்துகொண்டும் இருந்தார்கள்.

விடியும் முன்பே எஞ்சினைக் கிளப்பிச் சூடேறவிட்டு, பரத்பூர் கூடாரங்களைக் கடந்து, 4890 மீட்டர் உயரப் பரலாச்சாவை ஏறி இறங்கினோம். உச்சிக்குச் சற்றுக் கீழே சூரஜ் தால் ஏரி அசைவற்றுக் கிடந்தது. பாகா நதி பிறப்பது அங்கேதான். ஜிங்ஜிங் பார் ஓடையை அடைந்தபோது வெயில் இன்னும் அந்தச் சரிவைத் தொடவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு முதலில் பூட்ஸோடு நடந்து பார்த்தேன். மேல்விளிம்பில் ஆழம் குறைவு, ஆனால் பெரிய உருண்டைக் கற்கள். நடுவில் பந்து அளவுக் கற்கள். கீழ்விளிம்பில் மண் அரிக்கப்பட்டுப் பள்ளமாகியிருந்தது. நடுப்பகுதியைத் தேர்ந்து, முதல் கியரில், கிளட்சை முழுதாக விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்தபடி, பார்வையை நீரில் வைக்காமல் எதிர்க்கரையில் ஊன்றி நுழைந்தேன். முன்சக்கரம் கல்லில் ஏறி வழுக்கும்போது ஹேண்டில்பாரை இறுகப் பிடிப்பதுதான் ஆபத்து. தளரப் பிடித்தால் சக்கரம் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். சைலென்சருக்குள் தண்ணீர் போய்விடுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை புகை அதை வெளியே தள்ளிவிடும். அஞ்ச வேண்டியது ஏர் ஃபில்டரின் உயரத்துக்கு நீர் ஏறுவதைப் பற்றித்தான். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். நடு ஓடையில் வண்டி விழுந்தால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும் என்பதும் அதனால்தான். எங்கள் இருவருக்கும் முழங்கால்வரை நனைந்ததோடு முடிந்தது.

அங்கிருந்து பாகாவின் கூடவே இறங்கினால் தார்ச்சா, ஜிஸ்பா, கேலாங் என்று ஒவ்வொரு ஊரிலும் பசுமை கூடிக்கொண்டே வந்து, டாண்டியில் பாகா சந்திராவோடு கலந்து செனாப் ஆகிறது. காருவில் நிரப்பிய பெட்ரோலுக்குப் பின் நாங்கள் நம்பியிருந்த பங்க் டாண்டியில்தான் இருந்தது. நடுவில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நண்பரின் கார்புரேட்டர் வண்டி, கேனில் கொண்டுவந்த ஐந்து லிட்டரையும் முழுதாகக் குடித்துவிட்டுத்தான் அங்கே வந்து நின்றது. டாண்டியைத் தாண்டியதும் அவர் 3978 மீட்டர் ரோதாங் கணவாயையும் விட்டுவைக்க மனமில்லாமல் பழைய சாலையில் திரும்பினார். நான் 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து, கால் மணி நேரத்தில் மறுபுறம் வந்தேன். அவர் மணாலியை அடைந்தது மாலையில். தேய்ந்த பிரேக் பேடுகளை மாற்ற மெக்கானிக்கிடம் நான் ஏற்கெனவே இரண்டு வண்டிகளுக்கும் சேர்த்துச் சொல்லி வைத்திருந்தேன்.