வேரைப் புதைக்க ஒரு கடிதம், எடுக்க இன்னொரு கடிதம்

நீலகிரி மேல்மலையில் சோலைக்காட்டிலும் பக்கத்துப் புல்வெளியிலும் வேர் அளக்கப் போகிறவர்கள் முதலில் வனத்துறை அனுமதிக் கடிதத்தின் கடைசித் தேதியைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

மண்ணில் எவ்வளவு வேர் இருக்கிறது என்று அறிய, ஒரு நடை போய்க் குழாயை இறக்கி மண்ணை எடுத்து வந்தால் போதும். எவ்வளவு வளர்கிறது என்பது அதில் தெரியாது. வேரைச் சலித்து நீக்கிய மண்ணை 2 மி.மீ. கண் உள்ள வலைப்பையில் நிரப்பி, அதே குழியில் புதைத்து, வருஷம் கழித்து உள்ளே நுழைந்திருக்கும் வேரை எடை போடணும். என் அனுமதியோ ஆறு மாதத்துக்குத்தான். பைகள் மண்ணுக்குள், நான் செக்போஸ்ட்டுக்கு வெளியே.

புதுப்பிக்கப் போனால் கிளார்க், "இதுல வேர் ஆய்வுன்னுதான் இருக்கு, மண் எடுக்கலாம்னு எங்க இருக்கு?" என்றார். இதே கடிதத்தில்தான் அத்தனை குழியும் போட்டோம் என்று வாய் வரைக்கும் வந்தது, நல்லவேளை அடக்கிக்கொண்டேன். மூன்று நடை, இரண்டு மாதம் போச்சு; பன்னிரண்டு மாதத்தில் எடுக்க வேண்டிய பை பதினாலு மாதம் மண்ணில் கிடந்தது. பதினாலு மாதத்தைப் பன்னிரண்டாக வகுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வேர் மழையைப் பார்த்து வளர்கிறது, மாதச் சம்பளம் மாதிரி இல்லை.

அப்புறம் போய்ப் பார்த்தால் அடையாளக் குச்சிகளைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டிருந்தது. "சார், இந்தப் பாறையிலருந்து ஏழெட்டுக் காலடில ஒண்ணு வச்சீங்க" என்று கூட வந்த வாட்சர் அண்ணன் சொல்லித்தான் பாதிப் பைகள் கிடைத்தன. பாறையிலிருந்து டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிவிடுங்கள். பைக்குள் இருக்கும் மண்ணை, சுற்றியுள்ள மண் அளவுக்கே இறுக்குங்கள். தளர்வாக விட்டால் வேர் குஷியாக நுழைந்து கணக்கைக் கெடுக்கும். லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள், என் பேனா மை முதல் கழுவலிலேயே கரைந்தது.

கழுவுவது, 65 டிகிரியில் காயவைப்பது எல்லாம் பொறுமை இருந்தால் ஓடிவிடும். பிரிப்பதில்தான் உஷார்: உயிர்வேர் வளையும், செத்தது பட்டென்று ஒடியும். சோலையில் குழாய் ஒரு விரல்தடி வேரில் மாட்டினால் எடை எகிறிவிடும், ஆனால் அது பல வருஷச் சேமிப்பு. உலக அளவில் தொகுத்த கணக்கில் மரத்தின் மொத்த வேரில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம்தான் புதிதாகிறது, புல்வெளியிலோ பாதிக்கு மேல். மரத்தின் சல்லிவேரை மட்டும் பிரித்தெடுத்தால் அதுவும் புல்லுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இதைப் பிரிக்காமல் எடைபோட்டு, சோலைதான் வேகம் என்று ஆய்வு கைடிடம் போய் நின்றது தனிக் கதை.

இன்னும் நாலு பை அங்கேதான் இருக்கு. புது அனுமதி போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது.